மாட்டுக்குக் கேட்ட மேடு

"அம்மா, எங்க ஊர் முழுகப் போகுது. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்" என்றார் கலியமூர்த்தி.

கொள்ளிடக் கரையை ஒட்டிய படுகையில் ஐம்பது வீடு. அதில் ஒன்று அவருடையது. மடத்துத் தலைவி திலகவதி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதானே.

அம்மை அப்போது மடத்துப் பசுவின் குளம்புக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"எப்படிச் சொன்னீங்க?"

"காலநிலை மாறிப்போச்சு, ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுது, ஊருக்கு ஒரு மேடு போட்டாத்தான் பிழைப்போம்னு சொன்னேன். குஞ்சிதபாதம் மாமா எந்திரிச்சு, இவன் ஊரைப் பயமுறுத்துறான்னுட்டாரு. பாதி ஊர் அவர் பக்கம்."

"எத்தனை நாளா இந்தச் சண்டை?"

"மூணு வருஷமாம்மா. சோறு இறங்க மாட்டேங்குது. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு ஆத்தைப் பார்த்துட்டு வர்றேன்."

அம்மை பசுவின் காலை மெல்லக் கீழே விட்டார்.

"மழைக்காலத்துல மாமாவோட மாடு எங்க நிக்கும்?"

"சேத்துலதான். எல்லார் மாடும் அப்படித்தான். குளம்பு அழுகிப்போய், மாமா மாட்டைக் கட்டிக்கிட்டு அழுததையே பார்த்திருக்கேன்."

"அதுக்கு ஒரு மேடு கேளுங்க."

"நான் மாட்டைப் பத்திக் கேக்கலையேம்மா."

அம்மை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் உபதேசம். கலியமூர்த்திக்கு எரிச்சலான எரிச்சல்.

இருந்தாலும் ஊரில் போய்க் கேட்டார். முதல் கூடை மண்ணைக் கொட்டியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் குஞ்சிதபாதம் மாமாதான். கோடை முழுக்க ஊரே மண் சுமந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேடு, மேலே பெரிய கொட்டகை.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் கரை உடைத்துக்கொண்டது. வீடுகளில் கழுத்தளவு தண்ணீர். ஓடி ஏற ஊரில் ஒரே இடம்தான் இருந்தது.

கலியமூர்த்தி மாடுகளுக்கு நடுவே நின்று ஆட்களை எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார். ஒருவர்கூடக் குறையவில்லை. அப்பாடா என்று கொட்டகைக் காலில் சாய்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

கன்றுக்குட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த குஞ்சிதபாதம் மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா காலத்துலயும் இப்படி வந்திருக்குடா. காலநிலை மாறிப்போச்சுங்கிறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

பதில் வாய்வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த பதில். ஆனால் கலியமூர்த்திக்குச் சிரிப்புதான் வந்தது.

"இருக்கட்டும் மாமா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பக்கத்து ஊர்க்காரங்க ஏறி வர்றாங்க."