பாய்மர நிழல்

மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஹெப்சிபா எக்ஸ்ரே படம் பார்க்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சங்கரபாண்டியனுக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். ஊரில் கிளினிக் வைத்துக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுத்துக் கைராசி டாக்டர் என்று பெயர் எடுத்தவர். அதைப் பூட்டிவிட்டு மறுபடியும் மாணவராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வந்த புதிதில் ஒரு கேள்வி கேட்டார்.

"படத்துல கண்ணை முதல்ல எங்க வைக்கணும் மேடம்?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு கட்டுப் படங்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எல்லாம் கைக்குழந்தைகளின் நெஞ்சுப் படங்கள்.

"இதுல யாருக்கு என்ன வியாதி மேடம்?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாது. எல்லாம் நல்ல பிள்ளைங்க."

வியாதி படிக்க வந்தவருக்கு இது ஒரு பாடமா என்று இருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போல மளமளவென்று புரட்டித் திருப்பிக் கொடுத்தார். பார்த்தாச்சா என்று கேட்டாள். பார்த்தாச்சு என்றார். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஹெப்சிபா மாடியில் ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சங்கரபாண்டியன் தனியாக இருந்தபோது ஒரு படம் வந்தது. தாய்ப்பால் மறக்காத சின்னக் குழந்தை, இருமல், காய்ச்சல்.

வெளிச்சப் பெட்டியில் மாட்டியதுமே அவருக்குத் திக்கென்றது. இதயத்தின் வலது பக்கம் வெள்ளையாக ஒரு நிழல். கத்தரித்து வைத்தது போல் ஓரம், கீழே கூர்மையாக ஒரு முனை. காற்று வாங்கிய படகுப் பாய் போல் இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது பெரிதாகிக்கொண்டே போனது. அதைத் தவிரப் படத்தில் வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை.

எதையும் மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்கிறவர் என்றுதான் ஊரில் அவரை மெச்சுவார்கள். அந்தப் பழக்கத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே இசக்கித்தாய் என்ற பெண் குழந்தையை முந்தானைக்குள் பொதிந்து நின்றிருந்தாள். அவளுக்கே இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம். புருஷன் கேரளாவில் வேலையில் இருந்தான். பிள்ளை நெஞ்சில் கட்டி மாதிரி தெரிகிறது, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா சார்?"

கொடுக்கலாம் என்று அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்கு ஓடினார்.

ஹெப்சிபா கீழே இறங்கி வந்தாள். நின்றபடியே படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிழலை விட்டுவிட்டு நான்கு மூலைகளையும் பார்த்தாள். மூச்சுக்குழல் நேராக இறங்குகிறதா என்று விரலால் தொட்டுப் போனாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக, தோள்பட்டையை, உதரவிதானத்துக்குக் கீழே படத்தில் விழுந்திருந்த துண்டு வயிற்றைக்கூட விடவில்லை. கடைசியில்தான் அந்த நிழலின் ஓரத்துக்கு வந்தாள்.

அவள் இவ்வளவு நேரம் எடுப்பதைப் பார்த்த சங்கரபாண்டியன், நாம் சொன்னதைவிட மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து குழந்தையைக் கொண்டுவரச் சொன்னாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். அது அந்தக் குழாயைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து அந்தப் பழைய படக்கட்டை எடுத்தாள். முதல் படத்தை மாட்டினாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

மூன்றிலும் அதே பாய். ஒன்றில் இதைவிட அகலமாக இருந்தது.

"இது எப்ப வந்தது மேடம்?"

"நீங்க பாத்தாச்சுன்னு சொன்ன அன்னைக்கும் இருந்தது அண்ணாச்சி."

அவர் படத்துக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். நல்ல பிள்ளைகள் என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்ட மாதிரிதான் அன்றைக்குப் புரட்டியிருக்கிறார்.

தைமஸ் சுரப்பி என்று அவள் சொன்னாள். கைக்குழந்தைகள் எல்லோருக்கும் இருப்பதுதான். சில பிள்ளைகளுக்குப் படத்தில் இப்படிப் பாய் விரித்துக் காட்டும். வளர வளரச் சுருங்கிவிடும். விலா எலும்பு அமுக்கிய இடத்தில் அந்த நிழலின் ஓரம் நெளிந்து கொடுத்திருப்பதைக் காட்டினாள். அவ்வளவு மெத்தென்றிருக்கிறது, பக்கத்தில் எதையும் தள்ளவில்லை. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பிள்ளைக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான்.

"கொஞ்சம் நீங்க வந்து சொல்லிடுங்களேன் மேடம்."

"கட்டின்னு சொன்னது யாரு?"

அவர் மட்டும் போனார். வராந்தா அவ்வளவு நீளம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. நான் பார்த்தது தப்பு, பிள்ளைக்குக் கட்டி கிடையாது, இது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற சுரப்பி என்று சொன்னார். இசக்கித்தாய் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னார். அப்போதுதான் அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, நிமிர்ந்து பார்த்துச் சண்டைக்கு வந்தாள்.

"நல்லாச் சொன்னீய போங்க. வயித்துல புளியக் கரைச்சிட்டு இப்ப வந்து ஒண்ணுமில்லைங்கிய. மதுரைக்குப் போவாண்டாம்லா?"

"வேண்டாம்மா."

"இன்னொருக்கா மாத்திச் சொல்ல மாட்டீயளே?"

"மாட்டேம்மா."

அவள் திரும்பி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

சங்கரபாண்டியன் உள்ளே வந்தார். ஹெப்சிபா அடுத்த படத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலில் உட்காராமல் நின்றார்.

"மேடம், நீங்க வந்து நின்னதுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையா?"

"ஆமா."

"அப்ப எதுக்கு அவ்வளவு நேரம் பாத்தீங்க?"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது தப்பா இருந்தா, அது எங்க ஒளிஞ்சிருக்கும்னு தேடிக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி."