தொட்டி நிறைய ஒன்றுமில்லை

"அம்மா, தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. தண்ணி இல்லைன்னு சொல்லுது" என்றார் அறவாழி.

நாயகி அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொல்றாங்க?"

"மெஷின்."

"சரி" என்று அடுத்த காயை எடுத்தாள்.

அது பதிலா, நார் உரிப்பின் ஒரு பகுதியா என்று அறவாழிக்கு விளங்கவில்லை. ஏற்காட்டு மலைமேல் இருக்கும் இந்தக் குடிலுக்கு வந்த நாளிலிருந்தே அவருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

அறவாழி சேலத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிலில் அவரைவிட வயதான சீடர் கிடையாது. குருவான நாயகி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்ச்.

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து அவர் குரலிலேயே "சத்தம் போடாதே" என்று ஒரு குரல் வரும். அவரே ஒருமுறை பயந்து எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். அந்த வருடம் முழுக்க அவள் வேதியியல் படித்தது ஜன்னலுக்கு வெளியே நின்றுதான்.

இப்போது அவர் பாயில் உட்காருகிறார், அவள் மேலே உட்காருகிறாள். ஆனாலும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பழைய வித்தையையும் அவள் விடவில்லை. வருகிறவர்களுக்கு உபதேசம் எதுவும் செய்ய மாட்டாள். அவர்கள் குரலிலேயே அவர்களுக்குப் பேசிக்காட்டுவாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் பிடித்துவிடுவார்கள்.

அறவாழிக்கு மட்டும் அவள் குடிலில் இதுவரை அப்படிப் பேசிக்காட்டியதில்லை. தன்னிடம் குறை எதுவும் இல்லாததால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மெஷின் அவர் மகள் மதிவதனியுடையது.

மனைவி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறுகிறேன் என்று அவர் கிளம்பியபோது, தன்னுடைய எஸ்பிரஸோ மெஷினை மடியில் வைத்துக்கொண்டு கூடவே பஸ்ஸில் வந்தாள். துறவுதானே போறீங்க, போங்க, காலையில ஒரு வாய் காபியாவது குடிங்க என்று சொல்லி, எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாள் குடித்தார். பிறகு காபியை விட்டார். பிறகு உப்பை விட்டார். பிறகு செய்தித்தாளை, கோபத்தை, ஊர்ப்பேச்சை. கடைசியில் குழாய்த் தண்ணீரையும் விட்டார். அதில் சுண்ணாம்பு இருக்கிறது, மண் இருக்கிறது, எந்தெந்த வேரைத் தொட்டு வந்ததோ. பள்ளிக்கூட ஆய்வகத்தில் கழித்துப்போட்ட கண்ணாடிக் குடுவைகளைத் தருவித்து, தன் அறை ஜன்னலில் வைத்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக வாலைவடிநீர் எடுத்தார். அதைத்தான் குடித்தார்.

மகள் போனில் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து அதே சுத்தத்தில்தான் பதில் வந்தது.

பூனை செத்துப்போச்சுப்பா என்றாள். பிறப்பு என்றால் இறப்பு என்றார்.

வேலை போயிடுச்சுப்பா என்றாள். நம்முடையது என்று எது இருந்தது என்றார்.

போன மாதம் நேரிலேயே வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்டாட்டி இல்லாதவர் தாரை வார்க்கக்கூடாது, சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக நின்று உன் கையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கட்டும் என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒற்றைக்காலில் நின்று, எங்கப்பாதான் ஊத்தணும் என்று சண்டைபோட்டு ஜெயித்துவிட்டு வந்திருந்தாள்.

"வந்து நிக்கறீங்களாப்பா?"

அறவாழி கண்ணை மூடி, "யாருக்கு யார் அப்பா?" என்றார்.

அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதை ருசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது மகள் இல்லை. கீழே பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

நேற்று போன் வந்தது. நாளைக்கு வந்து என் மெஷினை எடுத்துட்டுப் போறேன் என்றாள். உங்களைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை. மெஷின் போய்விட்டால் அவள் இந்த மலைக்கு வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

போகட்டும். போகும்போது ஒரு கப் போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. இது பற்றா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இருப்பதிலேயே நல்ல தண்ணீர், தன் வாலைவடிநீர். அதை விளிம்புவரை ஊற்றினார். பொத்தானை அழுத்தினார்.

சொட்டு வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. தண்ணீர் இல்லை என்று அர்த்தம். மெஷின் மூச்சுகூட விடவில்லை.

தொட்டியைக் கழற்றி மாட்டினார். சிவப்பு. அடியிலிருந்த சல்லடையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். சிவப்பு. உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று நீராவிக் குழாயின் திருகைத் திறந்துவைத்துப் பார்த்தார். சிவப்பு.

கம்பெனிக்கு போன் போட்டார். இழுத்து இழுத்துப் பேசும் ஒரு பெண் குரல், தொட்டியில் தண்ணீர் உள்ளதா சார் என்று கேட்டது. நிறைய இருக்கிறது என்றார். விளக்கு என்ன நிறம் சார் என்றது. சிவப்பு என்றார். அப்படியானால் தொட்டியில் தண்ணீர் ஊற்றவும் சார் என்றது. மூன்றாம் முறை இதே சுற்று வந்தபோது, தான் விட்டுவிட்ட கோபம் எங்கோ படிக்கட்டில் ஏறிவரும் ஓசை அவருக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

தண்ணீரில்தான் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று முடிவு கட்டினார். வடித்ததை மறுபடி வடித்தார். விடிய விடிய உட்கார்ந்து, அதையும் இன்னொரு முறை வடித்தார். ஊற்றினார்.

சிவப்பு.

அப்புறம்தான் அம்மாவிடம் வந்தார்.

"மதி பதினோரு மணி பஸ்ஸுல வந்துருவா" என்றார்.

நாயகி அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். அவர் பின்னாலேயே நடந்து அறைக்கு வந்தாள். மெஷினைப் பார்த்தாள். மினுக்கும் விளக்கைப் பார்த்தாள். தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் மொண்டு குடித்தாள்.

பல் பிடுங்கிய வாய் மாதிரி முகம் சுருங்கிப் போனது.

"என்ன சார் இருக்கு இதுல?"

"ஒண்ணுமே இல்லம்மா." சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "துளிகூட எதுவுமில்ல."

"அப்ப மெஷின் சொல்றது சரிதானே."

அறவாழி சிரிக்க முயன்றார். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளினாள். தொண்டையைச் செருமினாள்.

அந்தச் செருமல் அவருடையது.

"கடைசி பெஞ்ச். எழுந்திரு" என்றது அவருடைய குரல். முப்பது வருடத்துக்கு முந்தைய குரல், சாக்பீஸ் தூசியோடு. "தூய நீர் மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா?"

அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் எழுந்து நின்றார்.

"கடத்தாது சார்" என்றார்.

"ஏன்?"

"அதுல... உப்பு எதுவும்... இல்ல."

அவர் கண் தொட்டியின் அடிக்குப் போனது. அங்கே இரண்டு சின்ன உலோக மொட்டுகள், நேற்றிலிருந்து அவர் பத்துத் தடவையாவது துடைத்தவை. ஒரு மொட்டிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் போனால் தண்ணீர் இருக்கிறது என்று மெஷின் அறியும். போகாவிட்டால் இல்லை என்று நினைக்கும். போவதற்கு வழியாக இருக்கும் எல்லாவற்றையும் அவர் மூன்று முறை வடித்து வெளியேற்றியிருந்தார்.

இதைப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் இவள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருப்பாள்.

"வாலைவடிநீரை ஊத்துனா, தண்ணி இருக்கறதே இதுக்குத் தெரியாது" என்றார் மெல்ல.

நாயகி அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைப்பதுபோல் செய்தாள். அவள் குரல் அவளிடம் திரும்பி வந்தது.

"நான் உங்க பாடத்துல பெயில் சார்" என்று சொல்லிவிட்டு அவரைக்காயிடம் போய்விட்டாள்.

அறவாழி தொட்டியைக் கழற்றிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். பாதியை வாசல் துளசிக்கு ஊற்றினார். மீதியைக் குழாய்க்கு நேரே பிடித்தார். சுண்ணாம்பும் மண்ணும் வேர் வாசனையுமாகத் தண்ணீர் விழுந்து நிறைந்தது.

மாட்டினார். சிவப்பு இரண்டு முறை மினுக்கியது. நின்றது. பச்சை.

குர்ர்ர் என்று ஒரு சத்தம், தூங்கி எழுந்த பூனைமாதிரி. தூளை அள்ளி, அழுத்தி, கைப்பிடியைப் பொருத்தினார். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு எலிவால் தடிமனில் பழுப்பாக இறங்கியது காபி.

அது இறங்கி முடிவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மதிவதனி இடுப்பில் ஒரு காலி அட்டைப்பெட்டியோடு வந்தாள். நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தாள், பக்கத்து சீட்டுக்காரரை விசாரிப்பதுபோல. உட்காரவில்லை. அவர் நீட்டிய கப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள். பெட்டி இடுப்பிலேயே இருந்தது.

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். ஜன்னலிலிருந்த குடுவைகளைப் பார்த்தாள். பிறகு, குடுவைகளிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"சித்தப்பா சரின்னுட்டாரு. அவரே தாரை வார்க்கறாரு."

அறவாழிக்கு வாக்கியம் தயாராக இருந்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார். எப்போதும்போல் தெளிவாக, ஒரு தூசியில்லாமல், தொண்டைவரை வந்தது. வாயையும் திறந்துவிட்டார்.

மகள் கண்ணெடுத்து அவரைப் பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த பார்வை. பெட்டியை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாயை மூடினார்.

வெளியே நார் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அவன் கை ஆடும்" என்றார்.

"என்ன?"

"உங்க சித்தப்பனுக்கு. மோர் குடுத்தா பாதி வேட்டிக்குத்தான் போகும். உங்கம்மாவே சொல்லிச் சிரிப்பா. தாரை வார்க்கறேன்னு மாப்பிள்ளை சட்டையெல்லாம் நனைச்சு வெச்சுருவான்."

மதி கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அவன் வேண்டாம்" என்றார். குரல் கரகரத்தது, குழாய்த் தண்ணீர்போல. "அவன் உன் கையில தண்ணி ஊத்தறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. எனக்கு எரியுது."

அவள் அவரையே பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஊரில் தெரிந்த முகத்தைப் பார்க்கிறவளைப்போல.

"யாருக்கு யார் அப்பான்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"யாருக்கு?"

"மாப்பிள்ளை மீசையும் எனக்குப் பிடிக்கல" என்றார் அறவாழி.

மதிவதனி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

பெட்டி நசுங்கியது.