வாசலில் சொன்ன சொல்

மருதந்துறை மடத்தில் நாற்பது பாய்கள் இருந்தன. ஆண்கள் கூடத்தில் இருபத்திரண்டு, பெண்கள் கூடத்தில் பதினெட்டு. நாற்பத்தொன்றாவது பாய் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம். எந்த ஊர், என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. பாய் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே கிளம்புகிறவர் வாசல் மேசையில் இருப்பவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘வரேன்’ என்று சொன்னால் அவர் பாயைச் சுருட்டி அவருக்காக வைத்திருப்பார்கள். எத்தனை நாளானாலும் வேறு யாரும் தொடமாட்டார்கள். ‘போறேன்’ என்று சொன்னால் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம். அன்று மாலையே பாய் அடுத்தவருக்குப் போய்விடும்.

எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பது ஒன்று. மனம் நொந்து வந்து தங்கியவர்களைத் துருவக்கூடாது என்பது இன்னொன்று.

பதினேழாம் எண் பாய்க்காரர் ‘வரேன்’ என்று சொல்லிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை அந்தப் பாயை வெயிலில் போட்டு, மறுபடியும் சுருட்டி வைக்கிறார்கள்.

மடத்தை நடத்தியவர் செண்பகவடிவு அம்மை. வயது நாற்பத்தாறு. அவருடைய சீடர்களில் மூத்தவர் நல்லசாமி வாத்தியார். வயது அறுபத்தேழு. முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்து பதினொரு வருஷம். வாசல் மேசையும் அதன் மேல் இருக்கும் நோட்டும் அவர் பொறுப்பு. பதினொரு வருஷத்தில் அந்த நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அன்று காலை ஒன்பது பத்துக்குக் குந்தலா வந்தாள்.

குந்தலா ஒடிசாக்காரி. புருஷனோடு பக்கத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மடத்துக்கு வந்து எட்டு மாதம். கீரைப் பாத்தி முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவள் மடத்து வாசலைத் தாண்டியதில்லை. முப்பத்தொன்றாம் எண் பாய். தினமும் மாலை ஒரு மணி நேரம் வாத்தியாரிடம் தமிழ் படித்தாள்.

ஆறு நாளைக்கு முன்னால் ஒரு சின்னத் துணிப்பையோடு இதே மேசை முன் நின்று, “சார், போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாத்தியார் எழுதிக்கொண்டார். பெயர் மேல் ஒரு கோடு போட்டார். சாயங்காலமே முப்பத்தொன்றாம் பாய் பிச்சையம்மாளுக்குப் போயிற்று. மானாமதுரையிலிருந்து வந்து இரண்டு மாதமாகச் சத்திரத்தில் காத்திருந்தவர் அந்த அம்மாள்.

இப்போது குந்தலா பெண்கள் கூடத்துக்குள் போய்ப் பார்த்தாள். தன் பாயில் வேறொருத்தர் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அவளுடைய சாமான்கள் ஒரு மூட்டையாகக் கட்டியிருந்தன. அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டாள். ரோட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக் கல்லில் போய் உட்கார்ந்தாள். ரயிலடிக்குப் போகும் பஸ் பத்து நாற்பதுக்கு.

சமையற்கட்டிலிருந்து காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

“வாத்தியாரே, அந்தப் பொண்ணு ஏன் அங்க போய் உக்காந்திருக்கு?”

“அது அன்னிக்கே போறேன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு பாய். இப்ப வந்து நின்னா நான் என்ன பண்றது? பாய் குடுத்தாச்சு.”

“சாமானெல்லாம்?”

“பத்திரமா கட்டி வெச்சிருந்தேன். சேலை மூணு, தட்டு ஒண்ணு, பித்தளைச் சொம்பு ஒண்ணு, நோட்டு ஒண்ணு. ஒண்ணு குறையல.”

“மூணு சேலையையும் சொம்பையும் விட்டுட்டு ஒருத்தி ஒரேயடியா போவாளா? எண்ணத் தெரிஞ்ச உமக்கு இது தெரியலையே.”

“நான் சேலையப் பாத்து எழுதறதில்ல பாய். சொல்லக் கேட்டு எழுதறேன்.”

“நாளைக்கு எமன் வந்து கூப்பிட்டாலும் முதல்ல அவன் உச்சரிப்பத் திருத்திட்டுத்தான் கிளம்புவீரு” என்று சொல்லிவிட்டுக் காதர் பாய் உள்ளே போனார்.

வாத்தியாருக்கு நோட்டில் மனம் ஓடவில்லை. எழுந்து அம்மையிடம் போனார். அம்மை கிணற்றடியில் பாய் அலசிக்கொண்டிருந்தார்.

நடந்ததை வாத்தியார் ஒன்று விடாமல் சொன்னார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். இங்க எல்லாருக்கும் ஒரே விதிதானே?”

“ஆமா ஐயா.”

“ஒடிசாக்காரின்னு நான் ஏதாவது வித்தியாசமா நடந்தேனா? உள்ளூர்க்காரர் சொல்லியிருந்தாலும் இதேதான் எழுதியிருப்பேன்.”

“எழுதியிருப்பீங்க.”

“அப்ப நான் செஞ்சது சரிதானே?”

அம்மை ஈரப் பாயைக் கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். வாத்தியார் மேசைக்குத் திரும்பினார்.

பத்து மணிக்கு அம்மை வாசலுக்கு வந்தார். கக்கத்தில் அவருடைய பாய். ஒன்றாம் எண்.

“ஐயா, போறேன்.”

வாத்தியார் எழுந்து நின்றார்.

“எங்கம்மா?”

“எங்கன்னு கேட்டுட்டீங்களே ஐயா. காரியம் கெட்டுடப் போகுது.”

“இல்ல, திடீர்னு பாயோட…”

“குந்தலாகிட்ட எங்கன்னு கேட்டீங்களா?”

“இல்லம்மா. கேக்கக்கூடாதே.”

“அப்ப என்கிட்டயும் கேக்க வேண்டாம். எழுதுங்க.”

வாத்தியார் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். ஒன்று என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

“அம்மா சும்மா சொல்றீங்க. நீங்க திரும்பி வருவீங்க.”

“போறேன்னுதானே சொன்னேன்?”

“சொன்னீங்க. ஆனா வருவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“பதினொரு வருஷமா உங்களப் பாக்கறேனே அம்மா.”

“அவங்கள எட்டு மாசமா பாக்கறீங்க, ஐயா.”

சொல்லிவிட்டு அம்மை படி இறங்கினார். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் அறுபத்திரண்டு அடி தூரம். அம்மை மெதுவாகத்தான் நடந்தார்.

வாத்தியார் நோட்டை மூடினார். மேசையை விட்டு எழுந்தார். அந்த நேரத்தில் மேசையை விட்டு அவர் வாசல் தாண்டியது அதுவே முதல் தடவை. காதர் பாய் கரண்டியும் கையுமாக வந்து வாசலில் நின்றுகொண்டார்.

“போங்க வாத்தியாரே. நான் பாத்துக்கறேன். எனக்கு எழுதத்தான் வராது, காது நல்லா கேக்கும்.”

பஸ் நிறுத்தத்தில் அம்மை தன் பாயை விரித்தார். குந்தலாவைக் கல்லிலிருந்து இறங்கி வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வாத்தியார் பாயின் ஓரத்தில் நின்றார்.

“எங்க போயிருந்தீங்க குந்தலா?”

“ஆஸ்பத்திரி அம்மா. சூளையில எங்க ஊர்ப் பொண்ணு. ஜுனு பேரு. குழந்தை பொறந்தது. அவளுக்கு யாரும் இல்ல.”

“என்ன குழந்தை?”

“பொண்ணு. ரெண்டு கிலோ எண்ணூறு.” குந்தலா கையை அகட்டிக் காட்டினாள். “நல்லா அழுது.”

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

குந்தலா மூட்டையைத் தொட்டாள்.

“பாய் இல்ல அம்மா. மடத்துல போகச் சொல்லியாச்சு. ஊருக்குப் போனா மாமியார் வீடு. அவங்க சேர்க்கமாட்டாங்க. வேற இடம் தெரியல. ரயில் ஏறிட்டு யோசிக்கணும்.”

“யாரும் போகச் சொல்லல” என்றார் வாத்தியார். “நீதான் போறேன்னு சொல்லிட்டுப் போன.”

“ஆமா சார். போகும்போது சொன்னேன்.”

“போறேன்னா இங்க என்ன அர்த்தம் தெரியுமா? திரும்பி வரமாட்டேன்னு அர்த்தம். வரேன்னு சொல்லியிருக்கணும்.”

குந்தலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள். மூன்று சேலைகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பி வாத்தியாரிடம் நீட்டினாள்.

அது வாத்தியார் வைத்த பரீட்சை. அவரே வரைந்த படம். ஒரு பெண் பையோடு வாசலைத் தாண்டிக் கால் வைக்கிறாள். கீழே அவர் கையெழுத்தில் கேள்வி: ‘இவள் என்ன சொல்கிறாள்?’

அதற்குக் கீழே குந்தலா கோணல்மாணலாக எழுதியிருந்தாள்: ‘வரேன்.’

அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், ‘தவறு. போறேன். பத்து முறை எழுதுக.’

பத்து முறை எழுதியிருந்தாள். வாத்தியார் எண்ணிப் பார்த்தார். பதினொன்று இருந்தது. ஒன்று அதிகம்.

“அன்னிக்குப் பாடம் போ, வா” என்றார் வாத்தியார் மெல்ல. “அங்க காட்டினா போறேன், இங்க காட்டினா வரேன். அதுக்குத்தான் படம் போட்டேன்.”

அம்மை குந்தலாவிடம் கேட்டார்.

“உங்க ஊர்ல வீட்ட விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வீங்க?”

“ஆசுச்சி.”

“அப்படின்னா?”

குந்தலா உள்ளங்கையைத் தன் நெஞ்சுப் பக்கம் அசைத்துக் காட்டினாள்.

“வரேன்.”

“போறேன்னு சொல்லமாட்டீங்களா?”

“ஐயோ, சொல்லக்கூடாது அம்மா. எங்க அம்மா அடிப்பாங்க. போறேன்னா, செத்துப்போறவங்க போறது.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “அன்னிக்கு சார்கிட்ட சொல்லும்போது பயமா இருந்தது. வாய் வரல. ஆனா இங்க அதுதான் சரி. சார் சிவப்பு போட்டார்.”

வாத்தியார் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அம்மா நினைவுக்கு வந்திருக்கலாம், மனைவி வந்திருக்கலாம். எந்தத் தமிழ் வீட்டிலும் யாரையும் போறேன் என்று சொல்லிக் கிளம்ப விட்டதில்லை. அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் நோட்டை மூடவில்லை. அந்தச் சிவப்புக் குறியின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்.

“குந்தலாவுக்கு இப்ப நம்ம சொல்லு எத்தனை தெரியும் ஐயா?” என்று கேட்டார் அம்மை.

“நானூத்திப் பன்னண்டு அம்மா. போன வாரம் எண்ணினேன்.”

“உங்களுக்கு அவங்க சொல்லு?”

வாத்தியார் யோசித்தார். நேர்மையான மனிதர்.

“ஒண்ணு” என்றார். “இப்பத்தான்.”

பஸ் வந்தது. பத்து நாற்பத்தாறு. கண்டக்டர் படியில் தொங்கியபடி பாயையும் மூன்று பேரையும் பார்த்தார்.

“என்ன வாத்தியாரே, ரோட்டுல குடித்தனம் போட்டுட்டீங்களா? யாரு ஏறுறது?”

குந்தலா மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாத்தியாரும் எழுந்தார். அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“யாரும் இல்லப்பா. நீ போயிட்டு வா.”

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

மூன்று பேரும் ரோட்டைத் தாண்டினார்கள். வாசலில் காதர் பாய் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் பிச்சையம்மாள் முப்பத்தொன்றாம் பாயைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“இந்தப் பொண்ணோட இடம்னு எனக்குத் தெரியாது தாயி” என்றார். “எழுதிக் குடுத்தாங்க, படுத்தேன்.”

“நீங்க உள்ள போங்கம்மா. அது உங்க பாய்தான்” என்றார் வாத்தியார்.

அவர் ஆண்கள் கூடத்துக்குப் போய் ஒன்பதாம் எண் பாயோடு வந்தார். அது அவருடையது. அதைக் குந்தலாவிடம் கொடுத்தார். மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். ஒன்று என்று பாதியில் நின்றிருந்ததை அடித்தார். ஆறு நாளைக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பி, குந்தலாவின் பெயர் மேல் இருந்த கோட்டையும் குறுக்கே அடித்தார். பெயரைப் புதிதாக எழுதி, பக்கத்தில் ஒன்பது என்று போட்டார்.

“நீர் எதுல படுப்பீர்?” என்றார் காதர் பாய்.

“போர்வைய ரெண்டா மடிச்சா ஆச்சு.”

“மடிங்க, மடிங்க. அடிச்சுத் திருத்தவும் பழகிட்டீரு. இன்னிக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்தறேன்.”

குந்தலா பாயோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அம்மை தன் பாயை மறுபடியும் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“அம்மா.”

“சொல்லுங்க ஐயா.”

“நாளைக்கு இன்னொருத்தர் வருவாங்க. அவங்க பாஷை எனக்குத் தெரியாது. அவங்க என்ன நினைச்சு என்ன சொல்வாங்கன்னும் தெரியாது. எங்கன்னு கேக்கவும் கூடாது. வெறும் சொல்ல மட்டும் கேட்டு எழுதினா இப்படி ஆகுது.” அவர் பேனாவை மூடினார், திறந்தார். “இந்த மேசையில உக்காந்து நான் என்னதான் செய்யணும்?”

அம்மை நின்றார். கக்கத்துப் பாயைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

“எங்கன்னு கேக்க வேண்டாம் ஐயா. எப்ப வருவீங்கன்னு கேளுங்க.”