கஸ்பாரின் சட்டைக்குப் பட்டு உறை

குருவுக்குத் தாடி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தூத்துக்குடியில் நாச்சியார் டீச்சருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த திரவியத்துக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்தவர்.

இருவரும் மீனவர்களுக்காக ஒரு கையில்லாச் சட்டை செய்தார்கள். தோளில் சூரியத் தகடு, பக்கத்திலேயே செயற்கைக்கோளைப் பிடித்து இடம் சொல்லும் ஆன்டெனா. ஆள் கடலில் எங்கே இருந்தாலும் கரையில் உள்ள திரையில் ஒரு புள்ளி தெரியும். ஒரே தலைவலி, போட்டவர் உடம்பே பாதி சிக்னலைத் தின்றது. அதற்கு ஆறு மாதமாக வழி கிடைக்கவில்லை.

முதல் சட்டை கஸ்பாருக்குப் போனது. மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது. எஞ்சின் நின்று, கஸ்பார் ஒரு பகல் முழுக்க நடுக்கடலில் மிதந்தார். வேறு படகுக்காரர்கள் தற்செயலாகக் கண்டு இழுத்து வந்தார்கள். திரவியத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் கஸ்பார் சட்டையோடு வந்தார். தோளில் கச்சிதமாக ஓர் உறை தைத்திருந்தது. அரக்குப் பட்டு, அகலச் சரிகை.

"யாருவே இதைத் தச்சது?" என்று கேட்டார் திரவியம்.

"எம் பொஞ்சாதி ரெஜினாதான். கல்யாணச் சேலை முந்தானை. உசிரக் காக்குற சாமான், உப்புத் தண்ணி பட்டுக் கெட்டுப்போவக் கூடாதுல்லா."

டி.வி. ரிமோட்டுக்கே பாலித்தீன் உறை போடுகிற ஊர் இது. ரெஜினாவைக் குறை சொல்ல முடியாது. திரவியம் சொன்னார்.

"பட்டு வெயில மறைச்சிட்டு. சரிகை உலோகம்லா, சிக்னல மறைச்சிட்டு. பிச்சு எறியும்வே!"

கஸ்பார் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பிச்சா நான் போட மாட்டேன். நாளைக்கு இது இல்லாமலே கடலுக்குப் போறேன். அவ மூஞ்சில முழிக்கணும்லா."

திரவியம் டீச்சரிடம் திரும்பினார். "நன்றி காட்டுறேன்னு கண்ணக் கட்டிவிட்ருக்காவ. இதுக்கு என்ன வழி டீச்சர்?"

டீச்சர் கஸ்பாரிடம் கை நீட்டிச் சட்டையை வாங்கினார். தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆன்டெனாவைத் தூக்கி, அதற்கும் உடம்புக்கும் நடுவில் வரும்படி அந்தச் சரிகையை விரித்துத் தைத்தார். மேலே தண்ணீர் புகாத கண்ணாடித் தாளை ஒட்டினார்.

"போட்டுக்கிட்டு முற்றத்துல நில்லுங்க."

கஸ்பார் வெயிலில் போய் நின்றார். "ரெஜினா கேட்டா என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"அவங்க சேலை இல்லாம இது சரியா வேலை செய்யாதுன்னு சொல்லுங்க."

கஸ்பார் முகம் மலர்ந்துவிட்டது. திரவியம் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுதீங்களா டீச்சர்?"

டீச்சர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுவரைக்கும் இந்தச் சட்டை எத்தனை செயற்கைக்கோளைப் பிடிச்சது?"

"நாலு. ரொம்ப நல்ல நாள்ல அஞ்சு."

"இப்ப எண்ணிப் பாருங்க, அண்ணாச்சி."

ஒன்பது இருந்தது. மேலே இருந்து சிக்னலை மறைத்த சரிகை, இப்போது அடியில் இருந்து உடம்பு அதைத் தின்னாமல் மறைத்தது. திரவியம் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு ரெஜினாவின் வீடு இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார்.