மன்னர் படத்துக்கு எந்த எழுத்து

கொன்றையூர் அரசர் குமரவிடங்கருக்கு யானைகள் என்றால் உயிர். பாகர்கள் கையில் ஆளுக்கொரு யானை வைத்தியப் புத்தகம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேலை, அரண்மனை அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட செண்பகராயரிடம் வந்தது.

ராயர் நூறு பக்கத்தையும் அச்சடித்து முடித்துவிட்டார். படத்தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் நான்கு கட்டங்கள். ‘அ’ சொறி பிடித்த யானை, ‘ஆ’ வயிறு உப்பிய யானை, ‘இ’ மதம் பிடித்த யானை, ‘ஈ’ கால் வீங்கிய யானை. உள்ளே வைத்தியம் சொல்லும் இடத்திலெல்லாம் ‘அ படம் காண்க’, ‘ஆ படம் காண்க’ என்று குறிப்பு.

அச்சுக்கூடத்தின் மேல், அரசரின் காரியங்களைக் கவனித்த தானாபதி பரஞ்சோதிக்கு வெகுநாளாக ஒரு கண். அவர் அரசரின் காதைக் கடித்தார். “யானைக்கு முன்னால் மன்னர் படம் வேண்டாமா?”

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. “ராயரே, முதல் கட்டத்தில் என் படம். ஆனால் அச்சான பக்கங்களில் ஓரெழுத்துகூட மாறக் கூடாது. முடியாவிட்டால் அச்சுக்கூடத்தைப் பரஞ்சோதி பார்த்துக்கொள்வார்.”

ராயர் படத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். எழுத்து மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் யானை சாகும்.

மறுநாள் சபைக்கு இரண்டு தாள்களோடு வந்தார். முதல் தாளை நீட்டினார். “ஆணைப்படியே மன்னர் படம் ‘அ’. யானைகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து தள்ளி நிற்கின்றன. தானாபதியே படத்தைப் பார்த்துப் புத்தகத்தைப் படிக்கட்டும்.”

பரஞ்சோதி குரலெடுத்துப் படித்தார். “சொறிக்கு வைத்தியம். ‘அ’ படத்தில் காண்பவரை... காண்பதை ஆற்றில் இறக்கி, வைக்கோலால் தேய்த்து...” படத்தைப் பார்த்தார். தாளை மெல்ல மடக்கினார்.

“என்னையா தேய்க்கச் சொல்கிறீர்?” என்றார் அரசர்.

“அதுகூடப் பரவாயில்லை, மன்னா. உப்புசக் கஷாயத்தைப் பாகன் சொறி யானைக்கு அல்லவா புகட்டுவான்?” என்றார் ராயர்.

அரசர் முகம் வாடியது. “அப்படியானால் என் படம் கிடையாதா?”

ராயர் இரண்டாம் தாளைக் கொடுத்தார். முதல் கட்டத்தில் அரசர், கீழே ‘ஃ’. அடுத்து ‘அ’ முதல் ‘ஈ’ வரை யானைகள், பழைய எழுத்துகளோடே.

“புத்தகத்தில் எங்கும் ‘ஃ படம் காண்க’ என்று வராது. ஓரெழுத்தும் மாற்ற வேண்டாம்.”

பரஞ்சோதி விடவில்லை. “அ முதல் ஔ வரை எல்லாவற்றுக்கும் பின்னால் வருவதுதானே ஃ? அதைக் கொண்டுபோய் முன்னால் வைப்பது எந்த ஊர் இலக்கணம்?”

“அ முதல் ஈ வரை நாலும் உயிர், தானாபதி அவர்களே. ஃ ஆயுத எழுத்து. உயிரைக் காக்கிற ஆயுதம் முன்னால்தான் நிற்க வேண்டும்.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ராயருக்குப் போர்த்தினார். அச்சான நூறு பக்கத்திலும் பிழை தேடுகிற வேலையை, இலக்கணம் கேட்ட பரஞ்சோதியிடம் கொடுத்தார்.