மலைக்குள் இருந்த ரசம்

அந்தப் பாலைவன மலை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். விடியலில் சுண்ணாம்புக்கல் சரிவுகள் நீலமாய்த் தெரியும்போது, கடல் இன்னும் போய்விடவில்லை என்றே தோன்றும்.

எங்கள் பாறை ஆய்வு முகாமின் தலைவர் டாக்டர் வைகுந்தநாதன். மேற்குக் குன்றில் சிவப்புக்கல் அடியில், நத்தை ஓடுகள் பதிந்த கல் நடுவில், வெள்ளைக்கல் உச்சியில் இருந்தன. கிழக்குக் குன்றில் வெள்ளை அடியில், சிவப்பு உச்சியில். இரண்டும் வேறு வேறு பாறை என்று அவர் அறிக்கை எழுதிவிட்டார்.

சுள்ளி பொறுக்க இரண்டு குன்றிலும் ஏறியவர் சமையல்காரர் பிச்சைக்கனி. சாப்பாடு பரிமாறும்போது, "ஒரே பாறைதான் சார். கிழக்கே தலைகீழாக் கெடக்கு" என்றார்.

"அடி மண்டி விழாம ரசம் ஊத்தத் தெரியல, எனக்குப் பாடம் சொல்றியா? சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லன்னா நாளைக்கு லாரியில ஊருக்குக் கிளம்பு!" என்றார் டாக்டர்.

பிச்சைக்கனி அவரை மேற்குக் குன்றுக்கு அழைத்துப் போனார். கல்லில் பதிந்த நத்தை ஓடுகளுக்குள் கீழ்ப்பாதியில் இறுகிய சேறும், மேற்பாதியில் வெள்ளைப் படிகமும் இருந்தன.

"கடல் வச்ச ரசம் சார். மண்டி அடியில தங்கியிருக்கு."

கிழக்குக் குன்றிலும் அதே நத்தைகள். ஆனால் சேறு மேற்பாதியில் ஒட்டியிருந்தது.

"மண்டி மேல நிக்கிற ரசத்தை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்ல சார். யாரோ ரசம் வச்ச ஏனத்தைக் கவுத்துட்டாங்க."

டாக்டர் பாறையைத் தடவியபடி நின்றார். வெயில் சாய்ந்து, இரண்டு குன்றும் ஒரே நிறமாயின.

மறுநாள் லாரி பிச்சைக்கனியை ஏற்றாமலே திரும்பிப் போயிற்று. மதியம் டாக்டர் டம்ளரை நீட்டினார்.

"கலக்கி ஊத்துங்க அண்ணாச்சி. மண்டியோட."