டிவிக்கு நட்டநடுவில் உபயம்

குருவிமேடு தொடக்கப்பள்ளிக்கு அரிசி ஆலை முதலாளி தணிகாசலம் ஒரு பெரிய டிவி வாங்கித் தந்தார். பிள்ளைகள் பாடத்தைப் படமாகப் பார்க்கட்டுமாம். நல்ல மனசுதான். ஆனால் 'உபயம்: தணிகாசலம்' என்று முழ நீளத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் அடித்து வந்து, திரைக்கு நட்டநடுவில் தன் கையாலேயே ஒட்டிவிட்டார்.

"ஐயா, படத்தை மறைக்குதே" என்றார் தலைமை ஆசிரியை.

"பாடமும் நடக்கணும், என் பேரும் தெரியணும். யாராவது அதுல கை வச்சா டிவியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி சொல்றது நியாயந்தானே டீச்சர்! திறப்பு விழாவுல மொதப் படமா ஐயாவோட அறுபதாம் கல்யாண வீடியோவையே போடுவோம். ஊரே பார்க்கட்டும்."

தணிகாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

விழாவன்று ஊர் கூடியது, வீடியோ ஓடியது. மாலை தெரிந்தது, பட்டு வேட்டி தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் இருந்தது. தாலி கட்டும்போதும் அப்படியேதான்.

"டீச்சர், மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாள் முன்வரிசைச் சிறுமி.

ஊரே சிரித்தது. தணிகாசலம் துள்ளி எழுந்தார். "எவன்டா அதை அங்க ஒட்டினது? உரிங்கடா!"

அவர் வாய் மூடுவதற்குள் அஞ்சலாட்சி பக்குவமாக உரித்துவிட்டாள். "இதை எங்க ஒட்டட்டும் மொதலாளி?"

"எங்கயாவது ஒட்டித் தொலை!"

அவள் டிவியின் முதுகில் ஒட்டினாள். இன்றைக்கும் முன்பக்கத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பின்பக்கத்தைச் சுவர் படிக்கிறது.